ஒரே இரும்பு, மூன்று குணம்: கத்திக்குத் தோய்ச்சல் போடப் பழகலாம்

கத்தி செய்யப் பழகுகிறவர்கள் எந்த எஃகு வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். வாங்கிய எஃகை எப்படிச் சூடாக்கி எப்படி ஆறவிடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். கத்தியில் கை வைக்கும் முன் மூன்று சிறு துண்டுகளில் இதைச் செய்து பாருங்கள்.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை போதும். பட்டறையில் கொடுத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உலை, குறடு, காந்தம், புது அரம், மூடியுள்ள இரும்பு வாளியில் சமையல் எண்ணெய், பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை வேண்டும். கழிவு எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதன் புகை உடம்புக்குக் கெடுதல்.

படி 1: இளக்குதல்
பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் அரம் நன்றாகப் பிடிக்கும். மூன்றாக வெட்டி, ஒன்றை அப்படியே எடுத்து வையுங்கள். இதில் கத்தி செய்தால் கூர் நிற்காது.

படி 2: தோய்ச்சல்
மற்ற இரண்டையும் நிழலான இடத்தில் காய்ச்சுங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தம் ஒட்டாது. அங்கே நின்றுவிடாமல் இன்னும் சற்றுப் பிரகாசமாக, 830 டிகிரி அளவுக்குக் கொண்டுபோங்கள். இந்தச் சூட்டில் எஃகிலேயே உள்ள கரி (கார்பன்) இரும்புக்குள் கரைந்திருக்கும். சட்டென்று ஆறினால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடினம் வருவது அதனால்தான்.

எண்ணெய் 50, 60 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கட்டும். துண்டை நேர்குத்தாக இறக்கி, முன்னும் பின்னுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். தண்ணீரில் முக்கினால் மெல்லிய இரும்பு விரிசல் விட வாய்ப்பு அதிகம். எண்ணெய் தீப்பிடித்தால் உடனே மூடிவிடுங்கள்.

இப்போது அரம் வழுக்கும். ஒரு துண்டைத் துணி சுற்றி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள். சட்டென்று ஒடியும். ஒடிந்த முகம் சாம்பல் நிறத்தில் நைசாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது.

படி 3: பதமாக்குதல்
இதைத் தள்ளிப்போடாதீர்கள். தோய்ச்சல் போட்ட இரும்பு தானாகவே விரிசல் விடக்கூடும். மூன்றாவது துண்டைப் பளபளவெனத் தேய்த்து, ஓடிஜி அவனில் (கேக் சுடும் மின் அடுப்பு) 200 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். ஆறியதும் இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். மேலே வெளிர் வைக்கோல் நிறம் ஏறியிருக்கும். அடித்தால் முன்னதைவிட நன்றாகத் தாங்கும், கடினமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சமையல் கத்திக்கு இது போதும். அடி தாங்கவேண்டிய அரிவாளுக்குப் பழுப்பு முதல் ஊதா வரை, அதாவது 250 முதல் 280 டிகிரி நல்லது. நீலம் ஏறினால் வெட்டுவாய்க்கு ஆகாது, முதுகுக்குப் பரவாயில்லை.

அப்புறம் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். வெட்டுவாயில் எங்காவது நீலம் தெரிந்தால் அந்த இடம் இளகிவிட்டது, படி 2-லிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.