விறகு பொறுக்கும்போது நிற்பதை முதலில் எடுங்கள்

குளிர்காலக் கணப்புக்கு விறகு சேர்க்கிறீர்களா? தரையில் கிடக்கும் கட்டையை விட்டுவிட்டு, நின்றபடியே பட்டுப்போன சிறு மரங்களையும் கைக்கு எட்டும் காய்ந்த கிளைகளையும் முதலில் எடுங்கள்.

மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கட்டை அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். நிற்பதற்கு நாலு பக்கமும் காற்று படுவதால் உள்வரை உலர்ந்திருக்கும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகைபோக்கியிலும் தார் மாதிரி படியும், அந்தப் படிவு பிற்பாடு தீப்பிடிக்கலாம்.

சந்தேகமா? இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் ஈரம். மழையில் நனைந்திருந்தால் கவலையில்லை, பட்டையை உரித்துப் பாருங்கள், உள்ளே பெரும்பாலும் காய்ந்தே இருக்கும்.

தொடையைவிடப் பருத்த மரத்துக்கு இது பொருந்தாது. அடிமரத்தில் ஈரம் தங்கியிருக்கும், பிளந்து காயவைத்தே ஆகவேண்டும். அப்புறம், பெரிய பட்ட மரத்தை வெட்டுவது ஆபத்து. உச்சிக் கிளை ஒடிந்து தலையில் விழும். பொந்து தெரிந்தால் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள். காடாக இருந்தால் அனுமதி கேட்காமல் கை வைக்காதீர்கள்.