விஜிசிகே ஒன்றும் சொல்லவில்லை என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறதா?

ஜூரோங்கில் இரவு ஷிப்ட் சர்வர் பார்ப்பவரும் சரி, சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு டிஸ்க் வாங்கிவந்து வீட்டில் லினக்ஸ் ஓட்டுபவரும் சரி, எல்விஎம்மில் (டிஸ்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, வேண்டிய அளவில் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதைச் சோதிக்கும் 'விஜிசிகே' (vgck) கட்டளையை அடிக்கிறார்கள். திரையில் ஒன்றும் வருவதில்லை. எல்லாம் ஓகே என்று எழுந்துவிடுகிறார்கள்.

அந்தக் கட்டளை பார்ப்பது வால்யூம் குரூப்பின், அதாவது அந்த டிஸ்க் தொகுப்பின், மெட்டாடேட்டாவை மட்டும்தான்: எந்த டிஸ்கின் எந்தப் பகுதி எந்த வால்யூமுக்கு என்ற கணக்கு. உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. அவற்றுக்கு இ2எஃப்எஸ்சிகே, எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் தனியாக உண்டு. அவற்றையும் அன்மவுன்ட் செய்துவிட்டு, முதல் தடவை '-என்' போட்டே ஓட்டுங்கள், பார்க்கும், எழுதாது.

பிழை காட்டினால் கை பரபரக்கும். உடனே ரிப்பேரில் இறங்குவதுதான் பெரிய தவறு. வழக்கமான அமைப்பில் எல்விஎம் லேபிளும் மெட்டாடேட்டாவும் டிஸ்கின் (எல்விஎம் பார்ட்டிஷனில் இருந்தால் அந்தப் பார்ட்டிஷனின்) முதல் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். அப்படியே பிரதி எடுக்கும் டிடி (dd) கட்டளையில் பிஎஸ் 1எம், கவுன்ட் 1 என்று கொடுத்து, ஒவ்வொரு டிஸ்கிலிருந்தும் அதை வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள். ஒரு நொடி வேலை. இஃப் (if, எங்கிருந்து), ஆஃப் (of, எங்கே) இரண்டையும் மாற்றிப் போட்டால் மட்டும் டிஸ்கின் மேலேயே எழுதிவிடும், கதை முடிந்தது.

அடுத்து, ஒவ்வொரு டிஸ்கையும் தனியாகப் பார்க்கும் பிவிசிகேயை (pvck) '--டம்ப் மெட்டாடேட்டா' போட்டு ஓட்டி, 'சீக்நோ' வரியைப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த எண் ஒன்று கூடும். ஒரு டிஸ்கில் 41, மற்றதில் 38 என்றால், பின்தங்கிய டிஸ்க் நடுவில் காணாமல் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பழைய கணக்கைப் புதுப்பிக்கத்தான் விஜிசிகேயின் '--அப்டேட்மெட்டாடேட்டா'.

டிஸ்கே தெரியவில்லையா? முதலில் கேபிளை ஆட்டிப் பாருங்கள். அதற்குள், தொகுப்பிலிருந்து டிஸ்கை நீக்கும் விஜிரெட்யூஸில் (vgreduce) '--ரிமூவ்மிஸ்ஸிங்'கோடு '--ஃபோர்ஸ்'சும் சேர்த்தால், அந்த டிஸ்கில் ஒரு துண்டு இருந்த வால்யூம்கூட முழுசாகப் போய்விடும். லூஸ் கேபிளுக்கு இது ரொம்ப அதிகம்.

எல்விஎம் எடுத்து வைத்த மெட்டாடேட்டா பிரதிகளிலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் (vgcfgrestore) இருக்கிறது. '--லிஸ்ட்' போட்டால், எந்தக் கட்டளைக்கு முன்னால் அல்லது பின்னால் எடுத்த பிரதி என்று ஒவ்வொன்றின் கீழும் தெரியும். தேதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பிரதிகள் இருப்பது இடிசி கோப்புறையில். ரூட்டும் (இடிசி இருக்கும் சிஸ்டம் வால்யூம்) அதே வால்யூம் குரூப்பில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். திரும்ப வருவதும் கணக்கு மட்டும்தான், டேட்டா அல்ல.

தின் பூல் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் பொதுத் தொகுப்பு) இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். அதன் உள்கணக்கு தனி வால்யூமில் இருப்பதால் விஜிசிகேக்குத் தெரியாது. தின் செக் (thin_check) கட்டளைதான் பார்க்கும். அங்கே விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் '--ஃபோர்ஸ்' கேட்கும். கொடுத்த பிறகு டிரான்சாக்‌ஷன் ஐடி (மாற்றங்களின் வரிசை எண்) இரு கணக்கிலும் பொருந்தவில்லை என்றால் பூல் ஆக்டிவேட் ஆகாது.