நாலு பேர் தாப்பாஸ் சாப்பிடப் போனால்

ஸ்பெயினில் நண்பர்களோடு தாப்பாஸ், அதாவது பானத்தோடு பகிர்ந்து கொறிக்கும் சின்னச் சின்னத் தட்டுகள், சாப்பிடப் போய் அரைகுறையாகத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். முதல் கடையிலேயே மேசை பிடித்து உட்கார்ந்து, மெனுவில் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எட்டுத் தட்டு சொன்னால் எட்டும் சேர்ந்தும் வராது, வரிசையாகவும் வராது. சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அதுதான் முதலில் வரும். சின்ன மேசை நிரம்பிவிடும். ஒன்றைச் சாப்பிடுவதற்குள் பக்கத்தில் பொரித்தது நமுத்துப்போகும், வதக்கியது ஆறிப்போகும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரு பானம், நாலு பேருக்கு நடுவில் இரண்டு தட்டு. அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. அடுத்த சுற்று அதே கடையிலா, வேறு கடையிலா என்பது ஊரைப் பொறுத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அளவும் நேரமும்

ஒரே பதார்த்தம் மூன்று அளவில் கிடைக்கும். தாப்பா என்பது சின்னத் தட்டு, ஒருவருக்கு நாலைந்து வாய். மெதியா ராசியோன் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. ராசியோன் என்றால் முழுத் தட்டு, மூன்று நாலு பேர் நடுவில் வைத்து எடுத்துக்கொள்வது. எல்லாக் கடையிலும் மூன்றும் இருக்காது. செவியா நகரில் பல கடைகள் தாப்பா அளவைக் கவுண்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். வெளியே தெராசாவில் உட்கார்ந்தால் மெதியாவோ முழு ராசியோனோதான். சில கடைகளில் வெளியே உட்காருவதற்கென்றே பில்லில் கூடுதல் தொகை சேரும். உட்காருவதற்கு முன் மெனுவின் அடிவரியைப் படித்துவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே சாப்பிடுவதானால், நாலு பேருக்கு மொத்தம் நாலைந்து முழு ராசியோன் வேண்டும். மெதியா என்றால் எட்டிலிருந்து பத்து. ரொட்டி தனி. நாலு பேருக்கு மெதியாதான் சரியான அளவு: ஆளுக்கு இரண்டு மூன்று வாய் கிடைக்கும், அலுக்கும் முன் தீர்ந்துவிடும், ருசி பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுவது நல்லது. எட்டுப் பேர் சேர்ந்து நிற்க எந்தக் கவுண்டரிலும் இடம் இருக்காது.

பகல் 4 மணி வாக்கில் மூடும் சமையலறை, இரவு 8 அல்லது 8.30க்குத்தான் மறுபடி திறக்கும். 7 மணிக்குப் போனால் ஆலிவும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடப்பதும்தான் கிடைக்கும். 9.30க்கு மேல் கூட்டம் நெருக்கும். முதல் கடையில் 8.30க்கு நின்றுவிட்டால் சுடச்சுடவும் கிடைக்கும், நிற்க இடமும் கிடைக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல நல்ல கடைகளுக்கு விடுமுறை.

எதை முதலில் சொல்வது

கவுண்டரில் வரிசை கிடையாது. ஓர் இடம் பிடித்து நின்று, உள்ளே இருப்பவரின் கண்ணில் படுங்கள். "குவாந்தோ புவேதாஸ்" என்றால் 'முடியும்போது கவனியுங்கள்' என்று அர்த்தம். அவசரப்படுத்தாமல் கூப்பிடுவதற்கு ஏற்ற சொல். குழுவில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேரும் தனித்தனியாகச் சொன்னால், ஒரே பதார்த்தம் இரண்டு முறை வந்து நிற்கும்.

இரண்டு தட்டில் ஒன்று ஆறியதாகவும் ஒன்று சூடானதாகவும் இருக்கட்டும். வினிகரில் ஊறிய பொகெரோனெஸ் என்ற சிறு மீன், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கும் மயோனைஸும் சேர்ந்த என்சலாதீயா ரூசா போன்றவை கேட்ட மாத்திரத்தில் வந்துவிடும். குரோக்கெத்தாஸ் என்ற பொரித்த உருண்டைகள், பொரித்த மீன் எல்லாம் பத்து நிமிடம் எடுக்கும். ஆறியதைக் கொறித்துக்கொண்டிருக்கும்போதே சூடானது வந்து சேரும். இரண்டுமே பொரியலாகச் சொல்லிவிட்டால் பத்து நிமிடம் வெறும் கிளாஸோடு நிற்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையாக வருவதைச் சொல்லும்போது "குவாந்தாஸ் த்ராயே?" என்று கேளுங்கள், எத்தனை வரும் என்று பொருள். ஆறு குரோக்கெத்தா வந்தால் நாலு பேருக்குப் பிரியாது. கூட இரண்டு சேர்த்து எட்டாகத் தரச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் தருவார்கள். குரோக்கெத்தாவை எடுத்தவுடன் வாயில் போடாதீர்கள். மேலே மொறுமொறுப்பு ஆறியிருந்தாலும் உள்ளே பாலும் மாவும் சேர்ந்த குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருக்கும், நாக்கு பொத்துவிடும். முள்கரண்டியால் இரண்டாகப் பிளந்து ஆவி போகவிட்டுச் சாப்பிடுங்கள்.

பூண்டு இறால், அதாவது காம்பாஸ் அல் அஹீயோ, பகிர்ந்து சாப்பிடுவதற்கென்றே ஆனது. ஆனால் பாதிப்பேர் அதைத் தவறாகச் சாப்பிடுகிறார்கள். அது மண்சட்டியில், ஆலிவ் எண்ணெய் குமிழியிட்டபடி வரும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மண்சட்டி சூட்டை விடாது, எண்ணெய் மேசையிலும் கொதித்துக்கொண்டே இருக்கும். முதல் ஒரு நிமிடம் யாரும் கை வைக்கக் கூடாது. பிறகு இறாலை முதலில் எடுத்துவிடுங்கள், சட்டியிலேயே விட்டால் ரப்பராகிவிடும். அடுத்தது ரொட்டி. பூண்டும் காய்ந்த மிளகாயும் இறாலின் சாறும் இறங்கிய அந்த எண்ணெய்தான் இந்தப் பதார்த்தத்தின் உயிர். ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கி எடுங்கள். அதனால் இறால் சொல்லும்போதே ரொட்டியும் சொல்லிவிட வேண்டும். சட்டி ஆறிய பிறகு ரொட்டி வந்து பயனில்லை. ரொட்டிக்குத் தனிக் காசு பிடிப்பார்கள், அது ஏமாற்று அல்ல.

ஹாமோனுக்கு, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கு, மெதியாவே தாராளம். கையால் மெல்லிசாகச் சீவியதாக இருக்க வேண்டும். கொழுப்பு பளபளவென்று மின்னினால்தான் சரியான பதம். குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே வந்தது மங்கலாக, மெழுகுபோல் இருக்கும். அப்படி வந்தால் சற்று நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். தொங்கும் தொடையில் கறுப்புப் பட்டை இருந்தால் அது கலப்பில்லாத இபேரிகோ இனப் பன்றி, ஓக் கொட்டை தின்று வளர்ந்தது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

எச்சில் பற்றி ஒரு சொல். நடுத்தட்டில் எல்லாரும் தம் முள்கரண்டியால் நேரே எடுப்பதுதான் அங்கே வழக்கம். குழுவில் யாருக்காவது அது ஒத்துவராது என்றால் கூச்சப்பட வேண்டாம். "பிளாத்தோஸ்" என்று கேட்டால் ஆளுக்கொரு சின்னத் தட்டு தருவார்கள். தட்டில் கடைசியாக ஒரே ஒரு துண்டு மிஞ்சி, எடுக்க எல்லாரும் தயங்குவதும் வழக்கம்தான். அந்தத் துண்டை 'வெட்கத் துண்டு' என்றே ஸ்பானியர்கள் சொல்கிறார்கள். வெயிட்டர் வந்து தட்டை எடுப்பதற்குள் யாராவது ஒருவர் சாப்பிட்டுவிட வேண்டும்.

சைவக்காரர் கூட வந்தால்

இதில் கவனம் வேண்டும். "கார்னே இல்லாமல்" என்று கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கார்னே என்றால் இறைச்சி, ஆனால் ஹாமோனும் சூரை மீனும் அந்தக் கணக்கில் வராது என்று நினைக்கும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். பெயரில் 'வெஹெத்தால்' (காய்கறி) என்று இருக்கும் சான்ட்விச்சில் சூரை மீன் இருப்பது சாதாரணம். என்சலாதீயா ரூசாவிலும் அப்படியே. கோர்தோபா நகரின் சல்மோரெஹோ தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சூப். மேலே முட்டையும் ஹாமோனும் தூவித்தான் தருவார்கள். "சின் ஹாமோன்", ஹாமோன் இல்லாமல், என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் "யேவா ஹாமோன்? யேவா அத்தூன்?" என்று கேட்பதுதான் பாதுகாப்பு: ஹாமோன் சேருமா, சூரை சேருமா.

நம்பிச் சொல்லக்கூடியவை பாத்ரோன் பச்சைமிளகாய் வறுவல், முட்டை சாப்பிடுவோருக்கு தோர்த்தீயா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட், செவியாவின் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். பாத்ரோன் மிளகாயில் எல்லாம் உறைக்காது, எப்போதாவது ஒன்று உறைக்கும். கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் அருமையானது, ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிப்பது

பீர் கேட்பவர்கள் கான்யா என்று கேளுங்கள். 200 மில்லி அளவிலான சின்ன கிளாஸ், சூடேறுவதற்குள் தீர்ந்துவிடும். பெரிய கிளாஸ் வாங்கினால் அது தீரும்வரை அந்தக் கடையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பொரித்த மீனுக்கு நன்றாகக் குளிர்ந்த மன்சானீயா என்ற வெள்ளை ஒயின் பொருத்தம், ஆனால் அது 15 சதவீத மது, பீர் மாதிரி குடிக்கக் கூடாது. மது தொடாதவர்களுக்கு மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு பல பார்களில் உண்டு. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "ஆகுவா தெல் கிரீஃபோ" என்று கேளுங்கள்.

ஊருக்கு ஊர்

கிரனாடாவில் ஒவ்வொரு பானத்தோடும் ஒரு தாப்பா இலவசம். எது வரும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே சைவம், ஒவ்வாமை எதுவானாலும் பானம் சொல்லும்போதே சொல்ல வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. இரண்டாவது சுற்றில் வேறு தாப்பா வரும் என்பதால் இங்கே ஒரே கடையில் இரண்டு சுற்று நிற்பது லாபம். கூடவே ராசியோன் சொன்னால் வயிறு தாங்காது. நாலு பேர் இரண்டு சுற்றுக் குடித்தாலே எட்டுச் சின்னத் தட்டு வந்துவிடும்.

வடக்கே பாஸ்க் நாட்டு சான் செபாஸ்தியானில் கணக்கே வேறு. அங்கே பின்ச்சோ: ரொட்டித் துண்டின் மேல் அடுக்கியது அல்லது குச்சியில் குத்தியது. கவுண்டர் நிறைய அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் தட்டு நிறைய எடுத்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அங்கே இருப்பவை ஆறியவை. சூடானவை சுவரில் உள்ள கரும்பலகையில் எழுதியிருக்கும், சொன்ன பிறகுதான் செய்து தருவார்கள், பெரும்பாலும் அவைதான் கடையின் பெருமை. ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். பீர் இங்கே கான்யாவிலும் சிறிய சுரித்தோ அளவில் கிடைக்கும், நாலைந்து கடை ஏறி இறங்குபவர்களுக்கு அதுதான் தோது. முதலில் ஹில்தா சாப்பிடுங்கள்: ஆலிவ், நெத்திலி, ஊறிய பச்சைமிளகாய், மூன்றும் ஒரே குச்சியில். கடித்துக் கடித்துச் சாப்பிடாமல் மொத்தத்தையும் ஒரே வாயில் இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் உப்பும் புளிப்பும் உறைப்பும் சேரும். குச்சிகளைத் தூக்கி எறியாதீர்கள். பல கடைகளில் நீங்கள் சாப்பிட்டதைச் சொன்னால் அப்படியே நம்பிக் கணக்குப் போடுவார்கள், குச்சி உங்கள் நினைவுக்கு உதவும்.

லோக்ரோன்யோவின் லவுரெல் தெருவில் கடைக்கு ஒரு பதார்த்தம்தான் பேர் போனது. பார் சொரியானோவில் காளான்: ரொட்டித் துண்டின் மேல் மூன்று காளான் தலைகளை அடுக்கி உச்சியில் ஒரு குட்டி இறாலைக் குத்தித் தருவார்கள். காளான் குழிக்குள் பூண்டுச் சாறு தேங்கி நிற்கும். நிமிர்ந்து நின்று கடித்தால் அத்தனையும் சட்டையில். ஓரடி பின்னால் நகர்ந்து, முன்னால் குனிந்து கடியுங்கள்.

காசு

ஆளாளுக்குத் தனி பில் கேட்பது அங்கே வழக்கமில்லை. நெரிசலில் நாலு கார்டு நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஸ்பானியர்கள் போத்தே போடுவார்கள்: கிளம்பும்போதே ஆளுக்கு 20 யூரோ ஒரே பர்ஸில், அதை வைத்திருப்பவர் எல்லாக் கடையிலும் கொடுப்பார். இதில் வரும் தகராறு ஒன்றுதான், மது குடிக்காதவரும் அதே தொகை போடுவது. அவரைத் தொடக்கத்திலேயே 15 போடச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. கடைக்கு ஒருவர் கொடுப்பது என்ற முறை, ஆள் எண்ணிக்கையும் கடை எண்ணிக்கையும் சமமாக இருந்தால் மட்டுமே நியாயமாக அமையும்.

செவியாவில் 1670 முதல் நடக்கும் எல் ரின்கோன்சீயோவில் உங்கள் கணக்கை மரக் கவுண்டரிலேயே, உங்கள் முன்னால், சாக்பீஸால் எழுதிக்கொண்டே போவார்கள். அதன் மேல் ஈரக் கிளாஸையோ முழங்கையையோ வைத்துவிடாதீர்கள். காசு வாங்கியதும் அவர்களே துடைத்துவிடுவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, மீதிச் சில்லறையை விட்டால் போதும்.

கடைசிக் கடைக்குள் நுழையும் முன் வாசலிலேயே போத்தேயை எண்ணிப் பாருங்கள். 25 யூரோ இருந்தால் நாலு கான்யாவும் ஒரு மெதியாவும் பெரும்பாலும் அடங்கிவிடும். பத்துக்குக் கீழே என்றால் உள்ளே போவதற்கு முன்பே ஆளுக்கு ஐந்து போட்டுக்கொள்ளுங்கள்.