திமிங்கலத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்கால நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துக் கடலைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். திமிங்கலம் என்றாலே எல்லார் கண்ணும் விரியும். அந்த ஆர்வத்தில் நாம் சொல்லும் சில சேதிகள் தப்பாகிவிடுகின்றன. நானும் சொல்லியிருக்கிறேன்.

முதல் தவறு, அதை மீன் என்று சொல்வது. "மேல வந்து மூச்சு வாங்குது, குட்டிக்குப் பால் குடுக்குது, அது எப்படி தம்பி மீனாகும்?" என்று ஒரு மீனவப் பெரியவர் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. திமிங்கலத்தால் கடலுக்குக் கிடைக்கும் நன்மையே அந்த மூச்சில்தான் தொடங்குகிறது. பல திமிங்கலங்கள் ஆழத்தில் இரை தேடுகின்றன, மூச்சு வாங்க மேலே வருகின்றன, கழிவைப் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே விடுகின்றன. ஆழத்துச் சத்து இப்படி வெயில் படும் இடத்துக்கு ஏறி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் அதை உண்டு வளர்ந்து, நீரில் கரைந்த கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன. திமிங்கலச் சுறா பெயரில்தான் திமிங்கலம். அது செவுளால் மூச்சுவிடும் மீன். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அடுத்தது, 'மீனையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது, குறைந்தால் நமக்கு லாபம்' என்ற பேச்சு. நீலத் திமிங்கலத்தின் முக்கிய உணவு கிரில். நம் சந்தையில் காயவைத்து விற்கும் கூனி மாதிரி, அதைவிடக் கொஞ்சம் பெரியது. இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்க ஏறக்குறைய 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. தின்பவை போய்விட்டதால், அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென்பெருங்கடலில் கிரில் பெருகிக் குவியும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. உரம் போட்டவர்களையே வயலிலிருந்து விரட்டிவிட்டோம் என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. அங்கே தண்ணீரில் இரும்புச் சத்து மிகக் குறைவு. திமிங்கலக் கழிவிலோ அது கடல் நீரில் இருப்பதைவிட ஒரு கோடி மடங்கு.

இங்கேதான் நான் செய்த தவறு. தென்பெருங்கடல் கணக்கை அப்படியே தூக்கி வந்து வங்காள விரிகுடாவுக்குச் சொல்லிவிட்டேன். நம் கடலின் சங்கதி வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், கனம் குறைந்ததால் மேலே மூடி போல மிதக்கிறது. கீழே இருக்கும் சத்து அதைத் தாண்டி எளிதில் மேலேறாது. அங்கே இரும்பு குறை என்றால் இங்கே பெரும்பாலும் நைட்ரஜன் குறை. திமிங்கலக் கழிவில் நைட்ரஜனும் உண்டு என்பதால் இங்கும் பயன் இருக்கும். ஆனால் அங்கே அளந்த எண்ணை இங்கே ஒட்டக்கூடாது.

பெரிய தவறு பருவநிலைக் கணக்கில் நடக்கிறது. ஒரு பெரிய திமிங்கலம் தன் ஆயுளில் 33 டன் கரியமில வாயுவுக்குச் சமமான கரிமத்தை உடலில் சேர்த்துக் கடலடிக்குக் கொண்டுபோகிறது என்று 2019-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு, திமிங்கலமே புவி வெப்பத்தைத் தணித்துவிடும் என்று பலர் பேசுகிறார்கள். போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் திமிங்கலம் என்றால் 3.3 கோடி டன். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவால் உலகம் ஓராண்டில் வெளியேற்றுவது 3,500 கோடி டன்னுக்கும் மேல். அத்தனை திமிங்கலங்களும் வாழ்நாள் முழுக்கச் சேர்ப்பதை நாம் சுமார் எட்டு மணி நேரத்தில் ஊதித் தள்ளிவிடுகிறோம். அதற்காக அந்த உயிரின் மதிப்பு குறையாது. நம் புகையைச் சுமக்கும் வேலையை அதன் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'நாம் விடும் மூச்சில் பாதி திமிங்கலம் தந்தது' என்பதும் அதே ரகம். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது, உண்மை. அதில் கிடைக்கும் பிராணவாயுவில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன.

செத்த திமிங்கலம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். ஆழ்கடலில் விழுந்த ஒரே உடல் பல பத்தாண்டுகள் உயிர்களுக்குச் சோறு போடும். அதன் எலும்பையே தின்று வாழும் புழு இனம் ஒன்றை 2002-இல் கலிபோர்னியா கடலடியில் கண்டுபிடித்தார்கள்.

கரை ஒதுங்கினால் செய்யும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்ட மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கலங்கள் ஒதுங்கின. கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பி வந்து செத்தன. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ அப்படி ஒன்றைப் பார்த்தால் வாலைக் கட்டி இழுக்காதீர்கள், மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை ஈரத்துணி போட்டு உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் மட்டும் தண்ணீரோ மணலோ துணியோ படக்கூடாது. அப்புறம், மீனம்பர், அதாவது ஒருவகைத் திமிங்கலத்தின் குடலில் உருவாகி வெளியேறும் மெழுகு போன்ற கட்டி, கிடைத்தால் கோடீஸ்வரன் என்ற பேச்சை நம்பி அதை வாங்கவோ விற்கவோ போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கண்ணில் பட்டால் அதையும் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.