மார்மன் மிஷனரிகள் வீட்டுக்கு வந்தால்: கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்புக்கு வருகிறவர்கள், வீட்டுக்கு வந்து தங்கள் சபைக்கு அழைக்கும் மார்மன் மிஷனரிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் கேட்பது, "அவங்களை எப்படி மடக்குறது?" என்றுதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இதே கேள்விதான், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இதே கேள்விதான். மடக்க வேண்டிய அவசியமே இல்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் ஊழியம் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. தங்கள் சேமிப்பிலும் குடும்பத்தின் உதவியிலும்தான் வருகிறார்கள்.

கதவை அறைந்து சாத்தாதீர்கள், திட்டாதீர்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும். நல்ல மனசுள்ளவர்கள், பூசை தவறாதவர்கள், அன்பாக நடந்துகொள்வதாக நினைத்தே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

யார் என்று தெரிந்துகொள்ளாமல் பேசுவது

இரண்டு பேர் பையோடு வந்தாலே யெகோவா சாட்சிகள் என்று முடிவுகட்டி, "ரத்தம் ஏத்த மாட்டீங்களாமே?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். காவற்கோபுரம் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. மார்மன்கள் ரத்தம் ஏற்றிக்கொள்வார்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். இவர்களுடைய சபையை ஜோசப் ஸ்மித் 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். தலைமையிடம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. மார்பில் இருக்கும் கறுப்புப் பட்டையைப் படித்தாலே போதும்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018 முதல் இந்த முழுப் பெயரையே சொல்லும்படி அவர்களுடைய தலைமை கேட்டுக்கொண்டிருக்கிறது. நேரில் பேசும்போது "உங்க சபை" என்றால் யாருக்கும் சங்கடமில்லை.

காபி, டீ கொடுப்பது

குடிக்க மாட்டார்கள். மோர், எலுமிச்சை ஜூஸ், இளநீர், தண்ணீர் கொடுங்கள்.

"பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவது

பெரிய தவறு இதுதான். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மாறாத தவறு, இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு. வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. "பார்க்கலாம் தம்பி", "நேரம் கிடைச்சா வர்றோம்", "வெச்சிட்டுப் போங்க, படிக்கிறேன்" என்போம். நம் ஆட்களுக்கு இது மறுப்பு என்று புரியும். எதிரே உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இது சம்மதம்.

ஏன் என்றால், அவர்கள் செய்வது வெறும் அறிமுகப் பேச்சு இல்லை, படிப்படியாகப் போகிற பாடம். முதல் பாடம் பெரும்பாலும் திருச்சபை மீண்டும் நிறுவப்பட்டதைப் பற்றியது. அப்போஸ்தலர்கள் மறைந்த பிறகு கிறிஸ்து நிறுவிய சபையும் அதன் குருத்துவ அதிகாரமும் உலகத்திலிருந்தே போய்விட்டன, 1820-ல் 14 வயது ஜோசப் ஸ்மித்துக்கு ஒரு தோப்பில் பிதாவும் மகனும் காட்சி கொடுத்தார்கள், அவர் வழியாகச் சபை திரும்ப வந்தது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பாடமும் ஓர் அழைப்போடு முடியும். மார்மன் புஸ்தகத்தில் (பைபிளோடு சேர்த்து அவர்கள் புனித நூலாக வைத்திருப்பது) இந்தப் பகுதியைப் படியுங்கள். இது உண்மையா என்று கடவுளிடமே கேட்டு ஜெபியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆராதனைக்கு வாருங்கள். இந்தத் தேதியில் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி இரண்டாவது சந்திப்புக்குள்ளேயே வந்துவிடலாம். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு "ஆகட்டும்" அவர்களுடைய போனில் பதிவாகும். வாரத் திட்டம் போடும்போது உங்கள் பெயர் வரும். உங்களுக்காக ஜெபிப்பார்கள், அதுவும் மனசார.

அடுத்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் அப்பாவின் ஸ்ப்ளெண்டர் நிற்கும், இன்ஜின் சூடுகூட ஆறியிருக்காது. எட்டு வயதுப் பிள்ளை கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா வீட்ல இல்ல" என்று சொல்லும். "எப்ப வந்தா பார்க்கலாம்?" என்று அவர்கள் கேட்டால், பிள்ளை திரும்பி அடுப்படிப் பக்கம் பார்க்கும். புதுநன்மைக்கு (முதல் நற்கருணை) ஆயத்தமாகிற பிள்ளைக்கு நாமே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். மே மாத வெயிலில் பஸ் பிடித்து வந்த இரண்டு பேரை அலைக்கழிக்கிறோம். இதற்கு அன்பு என்று பெயர் வைக்க முடியாது.

இதைவிடப் பெரிய சேதம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். அப்பாவும் அம்மாவும் சும்மா தலையாட்டியிருப்பார்கள். கல்லூரிக்குப் போகிற மகன் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்வான். "வாக்குக் கொடுத்துட்டோமே, போகாம இருந்தா தப்பில்லையா?" என்று அவன் போவான், நட்பு உண்டாகும், கடைசியில் தேதியும் குறிக்கப்படும். அதற்குப் பிறகு பெற்றோர் பங்குத்தந்தையிடம் ஓடிவந்து "ஏமாத்திட்டாங்க சாமி" என்று அழுவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளிப்படையாகக் கேட்டார்கள், வீட்டார்தான் வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அதைத் தாண்டியவருக்கு அந்தத் தடை இல்லை.

அதனால் பதிலை உட்கார வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரவேற்பு, நம் நிலை, வரம்பு, நேரம் நான்கும் அதில் இருக்க வேண்டும்:

"வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. நாங்க கத்தோலிக்கர், அதுல உறுதியா இருக்கோம். சபை மாற மாட்டோம், உங்ககிட்ட ஞானஸ்நானம் எடுக்க மாட்டோம். அது தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பேசணும்னா சந்தோஷம், அரை மணி நேரம் இருக்கு."

சில பேர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களுக்கும் நேரம் மிச்சம். சிலர் உட்காருவார்கள். பேச்சில் அந்த அழைப்புகள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் அப்போதே நேரடியாகப் பதில் சொல்லுங்கள். படிக்கப்போவதில்லை என்றால் புத்தகத்தை வாங்காதீர்கள். "ஞாயிறு எங்களுக்குப் பூசை கடன், வர முடியாது" என்று சொல்லுங்கள். எடுத்துப் பேசப்போவதில்லை என்றால் போன் நம்பர் கொடுக்காதீர்கள். இனி வர வேண்டாம் என்றால் "தயவுசெஞ்சு இனிமே வர வேண்டாம்னு குறிச்சுக்குங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். குறித்துக்கொள்வார்கள்.

கஷ்டமான அழைப்பு, ஜெபித்துக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான். மார்மன் புஸ்தகத்தின் மரோனி 10-ஆம் அதிகாரத்தைக் காட்டி அதைச் சொல்வார்கள். ஜெபிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று கத்தோலிக்கர் திணறிப்போய்த் தலையாட்டிவிடுகிறார்கள். திணற வேண்டாம். கிறிஸ்துவோடு பொது வெளிப்பாடு, அதாவது கடவுள் எல்லா மக்களுக்குமாகத் தம்மை வெளிப்படுத்தியது, நிறைவடைந்தது, அவர் மகிமையோடு திரும்பி வரும்வரை புதிய பொது வெளிப்பாட்டை எதிர்பார்ப்பதற்கில்லை என்பது திருச்சபையின் போதனை (மறைக்கல்வி நூல், எண் 66). ஆகவே, "தினமும் ஜெபிக்கிறோம் தம்பி. ஆனா இது எங்களுக்கு முடிவான விஷயம், அதைச் சந்தேகப்பட்டு ஜெபிக்க மாட்டோம். உங்களுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்றோம்" என்று சொல்லலாம். சொன்னால், சொல்லவும் வேண்டும்.

மீதி நேரத்தில் அவர்கள் வீட்டைப் பற்றி விசாரியுங்கள். 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன் பேச அனுமதி இருந்தது. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். "அம்மாகிட்ட இந்த வாரம் பேசிட்டியாப்பா?" என்று நம் வீட்டு அம்மா ஒருவர் கேட்டால் அந்தப் பிள்ளையின் முகமே மாறிவிடும்.

"எல்லாம் ஒரே ஏசுதானே" என்று விட்டுவிடுவது

மரியாதை வேறு, போதனை வேறு. பிதா, மகன், பரிசுத்த ஆவி பெயரைச் சொல்லி முழுக்குக் கொடுத்தாலும், மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001 ஜூன் 5 அன்று பதில் கொடுத்தது. காரணம், சொற்கள் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. நமக்கு மூன்று ஆட்களும் ஒரே கடவுள். அவர்களுக்குப் பிதா, மகன், பரிசுத்த ஆவி தனித்தனியான மூவர், பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள உடல் உண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கிறவர்களுக்குக் கல்யாணப் பேச்சில் தெரியும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மாப்பிள்ளை என்றால் அவருடைய ஞானஸ்நானம் செல்லும், ஆயரின் அனுமதி வாங்கினால் போதும். மார்மன் மாப்பிள்ளை என்றால், திருச்சபைச் சட்டப்படி (எண் 1086) ஞானஸ்நானம் பெறாதவரை மணக்கிற கணக்கு. விதிவிலக்கு வாங்காமல் நடந்தால் அந்தத் திருமணமே செல்லாது. எனவே பங்குத்தந்தையிடம் "மாப்பிள்ளை கிறிஸ்டியன்தான் சாமி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சபை, எங்கே ஞானஸ்நானம் என்று ஓலை படிப்பதற்கு (கோயிலில் திருமண அறிவிப்பு) வெகு முன்பே சொல்லுங்கள்.

வீட்டுப் பிள்ளை அங்கே முழுக்கு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தையில் பெற்றது அழிவதில்லை. நேராகப் பங்குத்தந்தையிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் குத்திக்காட்டாதீர்கள்.

வசனச் சண்டை

மரியாயின் சேனை என்கிற பங்குப் பொதுநிலையினர் இயக்கத்தில் கொஞ்சம் பயிற்சி எடுத்தவர்களுக்கு இந்த ஆசை அதிகம். இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் என்று 1 கொரிந்தியர் 15:29-ஐ அவர்கள் எடுப்பார்கள், நம் ஆட்கள் வேறொன்றை எடுப்பார்கள், மணி ஒன்பதாகும். யாரும் மாறப்போவதில்லை.

பேசியே ஆக வேண்டுமென்றால் ஒரே இடத்தில் நில்லுங்கள். திருச்சபை முழுவதும் வழிதவறியது என்பதுதான் அவர்கள் போதனையின் அஸ்திவாரம். மத்தேயு 16:18-இல் பாதாளத்தின் வாயில்கள் அதன்மேல் வெற்றி கொள்ளா என்றார் ஆண்டவர், 28:20-இல் உலகம் முடியும்வரை எந்நாளும் உங்களோடு இருக்கிறேன் என்றார். "இதை நாங்க நம்புறோம் தம்பி, அதனாலதான் சபை அழிஞ்சு போச்சுன்னு ஏத்துக்க முடியல" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்கு விளக்கம் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிற பேதுரு (1 பேதுரு 3:15), அடுத்த மூச்சிலேயே பணிவோடும் மரியாதையோடும் என்கிறார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

பலதாரமணம், உள்ளாடை பற்றிய கேள்விகள்

பலதாரமணத்தை விடுவதாக அந்தச் சபை 1890-லேயே அறிவித்துவிட்டது. அவர்களில் பலர் சமயச் சடங்கில் பெற்று அணிகிற உள்ளாடை அவர்களுக்குப் புனிதமானது. இரண்டையும் கேட்காதீர்கள்.

அவர்கள் தமிழைக் கேலி செய்வது

தெலுங்கு வாடையோ ஆங்கில வாடையோ அடிக்கிற தமிழில் பேசினால் உள்ளே பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் அதட்ட வேண்டும். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். தேம்பாவணி பாடுவதற்கு முன்பு அவரும் யாரிடமோ தட்டுத்தடுமாறித்தான் தமிழ் பேசியிருப்பார். 1776 முதல் புதுச்சேரி மிஷனை நடத்திய பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களும் அப்படித்தான் வந்தார்கள். அந்நிய இளைஞனைத் திண்ணையில் உட்கார வைத்து வார்த்தை சொல்லிக்கொடுத்த ஊர் இது.

வீடியோ எடுப்பது, போலீசைக் கூப்பிடுவது

இது மன்னிக்க முடியாதது. "மதமாற்றக் கும்பல்" என்று தலைப்புப் போட்டு, அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிய வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நாட்டின் பல இடங்களில் நம் கன்னியருக்கும் உபதேசியார்களுக்கும் இதே சொல்லால்தான் அடி விழுகிறது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. அது நமக்கு எவ்வளவோ அவர்களுக்கும் அவ்வளவு. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரம் மனித மாண்பிலிருந்து வருவது என்று சொல்லிவிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 9 அன்று அவர்களுடைய அன்றைய தலைவர் ரசல் நெல்சனை வத்திக்கானில் வரவேற்றுப் பேசினார். அதற்குப் பிறகும் நம் தெருவில் அவர்களை விரட்டிப் படம் எடுப்பது யாருடைய வழி?

வற்புறுத்தினால், வேண்டாம் என்ற பிறகும் வந்தால், அவர்களுடைய பொறுப்பாளரின் எண்ணைக் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள்.

பெண் தனியாக இருக்கும்போது ஆண் மிஷனரிகளை உள்ளே அழைப்பது

அவர்களுடைய விதியே அதை அனுமதிப்பதில்லை. வாசலிலேயே பேசி அனுப்புங்கள்.

பங்குப் பதிவேட்டைக் காட்டுவது

வம்சாவளி தேடித் தருவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிரெஞ்சுக் காலத்துப் பாட்டன் பூட்டன் பதிவைத் தேடுகிற குடும்பங்கள் புதுச்சேரியில் இருப்பதால் இந்த உதவி இனிக்கும். உங்கள் வீட்டு விவரத்தைக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் கோயில் பதிவேடு வேறு. இறந்த முன்னோருக்காகப் பதிலாள் வைத்து அவர்கள் ஞானஸ்நானம் நடத்துவதால், பங்குப் பதிவேடுகளை அவர்களுடைய யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று வத்திக்கானிலிருந்து 2008 ஏப்ரல் 5 தேதியிட்ட கடிதம் ஆயர்களுக்குப் போனது. ஆகவே கோயில் பிள்ளையோ பங்குப்பேரவை உறுப்பினரோ, நட்புக்காகப் பதிவேட்டுப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பக்கூடாது. கேட்டால் பங்குத்தந்தையைக் கைகாட்டுங்கள்.

வாங்கிவிட்ட புத்தகத்தைக் கிழிப்பது

சிலர் அதைக் கொளுத்துகிறார்கள், சிலர் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். ஒருவர் புனித நூலாகக் கையில் கொடுத்தது அது. அடுத்த முறை வரும்போது "படிக்கலை தம்பி, வேற யாருக்காவது கொடுங்க" என்று திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.