முதல் 6,000 மீட்டர் சிகரம்: வழிகாட்டியோடு மேரா ஏறுவது எப்படி?

"இமயமலையில் ஒரு பனிச்சிகரத்தின் உச்சியில் நிற்கணும். ஆனா கயிறு பிடிச்சுப் பழக்கமே இல்ல. எங்கே ஆரம்பிக்கிறது?" இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மேரா. நேபாளத்தில் சோலுகும்பு மாவட்டத்தில், ஹிங்கு பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் மலை அது. அதன் வடக்கு உச்சி 6,476 மீட்டர். பெரும்பாலான குழுக்கள் ஏறுவது அதற்குப் பக்கத்தில் 6,461 மீட்டர் உயரத்தில் இருக்கும் நடு உச்சியை. 1953 மே 20 அன்று ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் முதன்முதலாக ஏறி நின்றதும் அந்த நடு உச்சியில்தான். ஒன்பது நாள் கழித்துத்தான் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்டில் கால் வைத்தார்கள்.

மேராவில் வழக்கமாக ஏறும் வழியில் செங்குத்துப் பாறை கிடையாது. கடைசியில் வரும் சிறு ஏற்றத்தைத் தவிர, வழி முழுக்கச் சாய்வான பனிதான். உங்களைச் சோதிக்கப் போவது உயரம். அதனால் இந்தப் பதிவில் கயிற்றைவிட மூச்சைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

படி 1: ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்

தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேரா பயணத்தில் நீங்கள் விமானத்தைவிட்டு இறங்கும் லுக்லாவே 2,860 மீட்டர். அதாவது நம் ஊரில் எந்த மலையில் ஏறினாலும் அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க முடியாது. ஆகவே மேராவுக்கு முன்னால், 4,000 மீட்டருக்கு மேல் சில இரவுகள் தங்கும் மலைநடை ஒன்றாவது போய் வந்துவிடுங்கள். அந்த உயரத்தில் உங்களுக்குத் தூக்கம் எப்படி வருகிறது, பசி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

விடுமுறை கிடைக்குமானால் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்திலும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்திலும் அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. ஏறத்தாழ நான்கு வாரம். கயிறு, முடிச்சு, பனியில் நடை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுத்தருவார்கள்.

உடற்பயிற்சியை ஊரிலேயே செய்யலாம். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள், வாரத்தில் நான்கு நாள், ஆறு மாதம். இறங்குவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மலையில் முழங்கால் விட்டுப்போவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். கோவைப் பக்கம் இருப்பவர்கள், வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் எழுந்து சாதாரணமாக நடக்க முடிந்தால் கால் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: விலைக்கு முன்னால் பயணத் திட்டத்தைப் படியுங்கள்

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது கட்டணத்தை. நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்க வைக்கிறார்கள் என்பதை.

லுக்லாவிலிருந்து மேராவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சுமார் 4,600 மீட்டர் உயரமுள்ள சத்ர்வா கணவாயைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி. லுக்லாவில் இறங்கிய இரண்டு மூன்று நாளிலேயே அந்தக் கணவாயில் நிற்பீர்கள். இன்னொன்று, தெற்கே சுற்றிப் பாங்கோம் வழியாகக் காடுகளுக்குள் ஏறி இறங்கிக் கோத்தே என்ற ஊருக்குப் போய்ச் சேரும் வழி. நாள் கூடும், கால் வலிக்கும். ஆனால் உடம்புக்கு உயரம் பழக அவகாசம் கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள் சுற்று வழியில்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணவாயைத் திரும்பும்போது தாண்டிக்கொள்ளலாம். காத்மாண்டுவில் தொடங்கிக் காத்மாண்டுவில் முடிய 16 முதல் 18 நாள் இல்லாத திட்டத்தில் சேராதீர்கள்.

நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. மலை மேல் எங்களோடு வரும் வழிகாட்டி யார், மேராவில் இதற்கு முன் எத்தனை முறை ஏறியிருக்கிறார்? உச்சி நாளில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஒருவர் பாதியில் திரும்பினால் அவரோடு இறங்க ஆள் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். ஐந்து பேர் குழுவுக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவருக்கு முடியாமல் போகும்போது ஐந்து பேரும் திரும்ப வேண்டும், அல்லது அவர் தனியாக இறங்க வேண்டும். இரண்டுமே கூடாது.

போர்ட்டர்களுக்கு எத்தனை கிலோ சுமை, காப்பீடு உண்டா, கோத்தேக்கு மேலே குளிருக்கான உடையும் தங்குமிடமும் தருகிறீர்களா என்றும் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் விலை மற்றவர்களுடையதைவிடப் பாதி என்றால், அந்த மீதிப் பாதி எங்கே குறைந்திருக்கிறது என்பது இந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

படி 3: தாள்கள்

மேரா ஏறுவதற்கான அனுமதியை நேபாள மலையேற்றச் சங்கம் தருகிறது. மக்காலு பருண் தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டும், உள்ளூராட்சியின் அனுமதியும் தனி. இவற்றை நிறுவனமே வாங்கிவிடும். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை.

நீங்களே கவனிக்க வேண்டியது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடு இங்கே உதவாது. 6,500 மீட்டர் வரை செல்லும் என்றும், கயிறு கட்டி ஏறுவதும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கும் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பல திட்டங்கள் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. பணம் கட்டும் முன் விதிகளைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

படி 4: பொருட்கள்

எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. டபுள் பூட் (இரண்டு அடுக்குள்ள பனிக் காலணி), கிராம்பான் (பூட்டின் அடியில் மாட்டும் உலோக முட்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹெல்மெட், இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், மைனஸ் 20 தாங்கும் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் காத்மாண்டுவில் தமேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். உச்சியில் போடப்போகும் தடித்த காலுறையோடு போட்டு, கடையின் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். நகத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை மேலே உறைந்துவிடும். அகன்ற வாயுள்ள பாட்டில்தான் சரி. ராத்திரி அதில் வெந்நீர் ஊற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் குடிக்கவும் ஆகும். பனியில் கண் பொசுங்காமல் இருக்க நான்காம் வகைக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

லுக்லா விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான். கூட்டமான பருவத்தில் அந்த விமானம் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், அங்கிருந்து சில மணி நேரச் சாலைப் பயணத்தில் இருக்கும் மந்தலியிலிருந்து கிளம்பும். நள்ளிரவில் வண்டி ஏற வேண்டியிருக்கும்.

படி 5: மெல்ல ஏறுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்

உயரம் கூடினாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. இதற்கு ஈடுகொடுக்க உடம்புக்கு நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொது விதி. கோத்தே 3,600 மீட்டர், தங்னாக் 4,350. ஒரே நாளில் 750 மீட்டர் கூடிவிடுகிறது. அதனால்தான் தங்னாக்கில் இரண்டு இரவு தங்க வேண்டும். கோத்தேயிலிருந்து தங்னாக் போகும் ஆற்றோரத்தில் வெள்ளைக் கற்கள் அகலமாகப் பரந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். 1998 செப்டம்பரில் மேலே இருந்த பனியேரி உடைந்து வந்த வெள்ளம் விட்டுப்போன தடம் அது.

அந்த தங்னாக்கில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். மதியத்திலிருந்தே தலைவலி. மற்றவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கும்போது நான் மட்டும் சொல்வதா என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். ராத்திரி தால் பாத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்ததை எங்கள் சர்தார், அதாவது தலைமை வழிகாட்டி, பார்த்துவிட்டார்.

"பஹினி, சாப்பாட்டைத் தொடவே இல்லையே. தலை வலிக்கிறதா?"

"கொஞ்சம்தான், தாய்."

(நேபாளியில் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. 'தா'வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் அம்மா ஆகிவிடுகிறது. பஹினி என்றால் தங்கை.)

"கொஞ்சம் என்றால் மத்தியானமே சொல்லியிருக்கணும்" என்றார். என்னை எழுப்பி, தரையில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடவில்லை. இருந்தாலும் நள்ளிரவில் வாந்தி வந்தது. விடிந்ததும் உதவி வழிகாட்டியோடு என்னைக் கோத்தேக்கு இறக்கிவிட்டார். ஒரே இரவில் தலை தெளிந்துவிட்டது. மறுநாள் திரும்ப ஏறினேன். திட்டத்தில் உபரி நாள் இருந்ததால் உச்சி கைவிட்டுப் போகவில்லை.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் தொடக்க அறிகுறிகள். இவை இருக்கும்போது ஓர் அடிகூட மேலே போகக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிருக்கு ஆபத்து. இரவானாலும் உடனே இறங்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை உடம்பு பழக உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வழிகாட்டி பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் தலைக்குள் நடப்பது அவருக்கு வேறெப்படித் தெரியும்?

படி 6: கரேயில் கயிற்றுப் பயிற்சி

5,045 மீட்டரில் இருக்கும் கரேதான் கடைசி ஊர். இங்கே ஒரு நாள் பயிற்சி இருக்கும். கிராம்பான் போட்டதும் கால்களைச் சற்று அகட்டி, பாதம் முழுவதும் பனியில் படும்படி வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒரு காலின் முள் மறுகாலின் கால்சட்டையில் மாட்டி விழவைக்கும். தரையில் கிடக்கும் கயிற்றை மிதிக்கவே கூடாது.

ஜுமார் என்பது கடைசி ஏற்றத்தில் கட்டிவைத்திருக்கும் கயிற்றில் மாட்டும் கைப்பிடி. மேலே தள்ளினால் வழுக்கிப் போகும். கீழே இழுத்தால் அதன் பற்கள் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். உங்கள் ஹார்னஸிலிருந்து (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை) இரண்டு வார்கள் வரும். ஒன்றின் நுனியில் ஜுமார், மற்றதில் காரபினர் எனும் பூட்டுள்ள உலோக வளையம். இரண்டும் கயிற்றில் இருக்கும். கயிறு பனியில் கட்டப்பட்டிருக்கும் முடிச்சு வரும்போது, முதலில் காரபினரைக் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்டிப் பூட்டுங்கள். அப்புறம் ஜுமாரைக் கழற்றி மேலே மாட்டுங்கள். எந்த நொடியிலும் இரண்டில் ஒன்று கயிற்றில் இருக்க வேண்டும்.

இதை ஊரிலேயே பழகலாம். ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு, தடித்த கையுறையோடு ஐம்பது முறை மாற்றிப் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். உச்சி நாளன்று விரல் விறைத்திருக்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

படி 7: உச்சி

கரேயிலிருந்து மேரா கணவாயைத் தாண்டி 5,780 மீட்டரில் ஹை கேம்ப். பாறை விளிம்பில் கூடாரங்கள். மாலையிலேயே சூப் குடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். தூக்கம் வராது, பரவாயில்லை. ஹெட்லாம்ப் பேட்டரியையும் கையுறையையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி வாக்கில் கிளம்புவீர்கள். எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்திருப்பார்கள், பனிப்பிளவு இருக்கக்கூடும் என்பதால். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடையில் கயிறு விறைக்கவும் கூடாது, தரையில் புரளவும் கூடாது. ஓர் அடி, பின்காலை நேராக்கி எடையை அதில் இறக்கி ஒரு மூச்சு. அடுத்த அடி, இன்னொரு மூச்சு. இந்தத் தாளத்தைவிட வேகமாக நடக்க முடிந்தாலும் நடக்காதீர்கள்.

திரும்ப வேண்டிய நேரத்தை வழிகாட்டி முந்தைய மாலையே சொல்லிவிடுவார். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்புவதுதான். வாதாடாதீர்கள்.

விடியும்போது மக்காலு சிவக்கும். கடைசி ஏற்றத்தில் ஜுமார் மாட்டி ஏறினால் உச்சி. எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, சோ ஓயு, கஞ்சன்ஜங்கா. உலகின் பதினான்கு எட்டாயிரம் மீட்டர் மலைகளில் ஐந்து, கழுத்தைத் திருப்பும் தூரத்தில்! நான் அழுதேன். படம் எடுக்கக் கையுறையைக் கழற்றுவதானால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 8: இறக்கம், அன்பளிப்பு

அன்றே கரே வரை இறங்க வேண்டும். களைப்பில் கால் இடறுவது இப்போதுதான். ஏறும்போது மாட்டிய அதே கவனத்தோடு ஒவ்வொரு முடிச்சிலும் மாட்டுங்கள். லுக்லாவில் மேகம் மூடினால் விமானம் வராது. ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டை இரண்டு நாள் தள்ளியே எடுத்து வையுங்கள்.

ஷெர்பாக்களிடையே பிறந்த கிழமையைப் பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. பாசாங் என்றால் வெள்ளி, தாவா என்றால் திங்கள், பெம்பா என்றால் சனி. ஒரே குழுவில் இரண்டு பாசாங் இருக்கலாம். முதல் நாளே யார் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு லுக்லாவில் அன்பளிப்பைத் தனித்தனி உறையில் போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வலது கையால் கொடுங்கள். இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. பாதியிலேயே ஊர் திரும்பும் போர்ட்டர்கள் இருந்தால், அவர்கள் கிளம்பும் முன்பே அவர்கள் கையில் உறை சேர்ந்திருக்கட்டும்.