பேஸ் குழைந்தது, ஒயரை மாற்றினேன்

ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) 8 மீட்டர் தள்ளியிருந்த 4 ஓம் ஸ்பீக்கரில் பேஸ், அதாவது கனமான அடித்தொனி, இறுக்கமில்லாமல் குழைந்து கேட்டது. போட்டிருந்தது 0.5 சதுர மி.மீ. ஒயர். போக, வர 16 மீட்டர். சுத்தச் செம்பாக இருந்தாலும் மின்தடை சுமார் 0.55 ஓம். ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது இங்கே 0.2 ஓம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டதும் 0.11 ஓமுக்கு இறங்கியது, பேஸும் இறுகியது. இதற்கு மேல் விலை உயர்ந்த கேபிளுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

முனையில் 12 மி.மீ. உறையை உரித்து, இழைகளை முறுக்கி, டெர்மினலில் திருகுங்கள். ஈயம் வைக்காதீர்கள், திருகின் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி, சில மாதங்களில் இணைப்பு தளர்ந்துவிடும். ஒரே ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்தான், தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் ஒலியை நிறுத்தி புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும். அதனால் ஆன் செய்யுமுன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

இன்னும் பேஸ் வரவில்லையா? ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஆம்ப் பக்கம் ஒயரைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸையும், மைனஸ் ஒயரில் மைனஸையும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டிலும் ஊஃபர் (பேஸ் தரும் பெரிய வட்டம்) கூம்பு ஒரே பக்கம் அசைய வேண்டும்.